வரப்பில் கிடக்கும் இறகு எந்தப் புறாவுடையது?

விதைத்த நாலாம் நாள் வயலைச் சுற்றிவரும் உழவரின் கண்ணில் முதலில் படுவது, விதை இல்லாத வெற்றுச் சால். அடுத்துப் படுவது, வரப்பு முள்ளில் சிக்கிக் கிடக்கும் ஓர் இறகு. சாம்பலும் பழுப்புமாக இருந்துவிட்டால் போதும். "புறா பொறுக்கிவிட்டது" என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் இந்த முடிவின் விளைவு பெரிது. அங்கே புரட்டாசியில் மழைக்கு முன்னரே புழுதியில் விதைப்பது வழக்கம். சோளமும் உளுந்தும் பாசிப் பயறும் ஒரு வாரம், சில ஆண்டுகளில் இரண்டு வாரம்கூடக் காய்ந்த மண்ணிலேயே மழையை எதிர்பார்த்துக் கிடக்கும். விதை போய்விட்டால் மறுவிதைப்புக்கு வீட்டில் விதை இராது. கடன் வாங்கிக் கடையில்தான் எடுக்க வேண்டும். அந்தக் கவலையில் சிலர் வீட்டில் மீதி இருக்கும் பூச்சிமருந்தைச் சோளத்தில் கலந்து வரப்போரம் இறைத்துவிடுகிறார்கள். அதைப் புறா மட்டும் தின்பதில்லை. வீட்டுக் கோழி தின்னும். செத்த பறவையை நாய் இழுத்துக்கொண்டு போகும். விதை எடுத்தது புறாவாக இல்லாவிட்டால் மருந்தும் வீண், பறவையும் வீண், விதை இழப்பும் நிற்காது.

ஆகவே இறகைக் கையில் எடுத்துச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டால் தேவையற்ற செலவும் தேவையற்ற சாவும் குறையும்.

புறா இறகுதானா?

முதலில் இறகு புறா இனத்தைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். புறாக்களின் உடலில் ஒருவகை வெண்பொடி உண்டாகி இறகுகளின் மேல் படிந்திருக்கும். புதிதாக விழுந்த இறகைக் கறுப்புத் துணியில் மெல்லத் தேய்த்தால் மாவு போன்ற தடம் விழும். பழையதாகி வெயிலிலும் பனியிலும் கிடந்த இறகில் இந்தப் பொடி போயிருக்கும். எனவே தடம் விழாததை மட்டும் வைத்துப் புறா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது அடையாளம் உடல் இறகின் நடுத்தண்டு. புறாவின் மார்பிலும் முதுகிலும் உள்ள சிறு இறகுகளில் தண்டு அடிப்பக்கம் தடித்து, நுனிக்குப் போகப்போகச் சட்டென்று மெலிந்துவிடும். அடியில் பஞ்சு போன்ற தூவி நிறைந்திருக்கும். இந்த இறகுகள் தோலில் இறுகப் பதிந்திருப்பதில்லை. கையில் பிடித்த புறா துள்ளும்போது கைநிறைய இறகு வந்துவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். எதிரியின் பிடியிலிருந்து புறா தப்புவதற்கு இது உதவுகிறது. வல்லூறின் நகத்தில் இறகு மட்டும் மிஞ்சும். இதனால்தான் மற்றப் பறவைகளைவிடப் புறாவின் இறகு நம் கண்ணில் அதிகம் படுகிறது. வரப்பில் புறா இறகு கிடப்பது, புறா அங்கே அதிகமாக இரை தின்றது என்பதற்கு அடையாளமாகாது.

வேறு சில பறவைகளின் இறகுகளையும் இங்கே சொல்லிவிடலாம். தவிட்டுக் குருவியின் இறகு மங்கிய பழுப்பாகவும் தளர்ந்தும் மென்மையாகவும் இருக்கும். பெண்குயிலின் இறகில் பழுப்பின் மேல் வெள்ளைப் பட்டைகளும் புள்ளிகளும் இருக்கும். கௌதாரியின் இறகில் நெருக்கமான குறுக்குக் கோடுகள் ஓடும். செம்போத்தின் இறக்கை இறகு செங்காவி நிறம். மயிலின் இறக்கையில் உள்ள நீண்ட பறக்கும் இறகும் துருப்பிடித்த செம்பழுப்பு நிறமே. தோகையை மட்டுமே மயில் இறகு என்று எண்ணுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் செம்போத்தினுடையதைவிட இது மிகப் பெரிது. நிலக்கடலை வயலில் இப்படி ஓர் இறகு கிடந்தால் மயில் வந்துபோயிருக்கிறது. பச்சை நிறத்தில் குறுகலாக நீண்ட வால் இறகு கிளியினுடையது. அதன் அடிப்புறம் மஞ்சள் படர்ந்திருக்கும். ஆலமரத்தடியில் கிடக்கும் மங்கலான மஞ்சட்பச்சை இறகு பச்சைப் புறாவாக இருக்கலாம். அது ஆல், அரசு, அத்திப் பழம் தின்னும் பறவை. விதைத்த வயலில் அதற்கு வேலை இல்லை.

எந்த இடத்து இறகு?

இனத்தை அறிவதற்கு முன், அது உடலின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். நடுத்தண்டின் ஒரு பக்கம் மடல் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருந்தால் அது பறக்க உதவும் இறக்கை இறகு. இருபக்கமும் ஏறத்தாழ ஒரே அகலமானால் அது வாலின் நடுவில் உள்ளது. வாலின் ஓரத்து இறகில் அகலம் சற்று வேறுபடும். சுருண்டு, அடியில் பஞ்சு மிகுந்த சிறிய இறகு உடலைச் சேர்ந்தது.

காட்டுப் புறாக்களின் இறக்கை இறகுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி கரும்பழுப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ இருக்கும். அதை மட்டும் வைத்து இன்ன புறா என்று அடித்துச் சொல்ல யாராலும் எளிதில் முடியாது. வால் இறகும் கழுத்து இறகுமே நம்பத்தக்க சாட்சிகள். ஓர் இறகு போதாவிட்டால் அதே இடத்தில் இன்னும் இரண்டு மூன்று கிடக்கின்றனவா என்று தேட வேண்டும்.

மணிப்புறா

வீட்டுக் கூரையிலும் தோட்டத்திலும் களத்துமேட்டிலும் நாம் மிகுதியாகக் காணும் காட்டுப்புறா இதுவே. புள்ளிப்புறா என்றும் சொல்வார்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும், இறகு மாறாது. ஏறக்குறைய 30 செ.மீ. நீளமுள்ள பறவை, மைனாவைவிடப் பெரிது, மாடப்புறாவைவிட மெலிந்தது.

இதன் கழுத்து இறகு கிடைத்தால் வேறு அடையாளமே வேண்டாம். பிடரியில் கறுப்புப் பட்டையும் அதன் மேல் வெண்மணிகள் கோத்ததுபோலப் புள்ளிகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இறகு ஒன்றைத் தனியே எடுத்துப் பார்த்தால், கறுப்பு இறகின் நுனி கத்தரித்ததுபோல் இரண்டாகப் பிளந்து, இரு முனையிலும் வெள்ளை இருக்கும். நகத்தளவு சிறியது என்பதால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

முதுகு, இறக்கை மேற்புறத்து இறகுகளும் தெளிவானவை. பழுப்பு நிறத்தில், நடுவே ஒரு கருங்கீற்று நுனிநோக்கி அகன்று வரும். நுனியின் இருபுறமும் வெளிறிய இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கும். நம் பகுதியில் உள்ள மற்ற காட்டுப்புறாக்களின் முதுகில் இந்தப் புள்ளி கிடையாது. வாலில் நடு இறகுகள் வெறும் பழுப்பு. ஓரத்து இறகுகள் அடியில் சாம்பலும் கறுப்புமாக இருந்து நுனியில் அகன்ற வெள்ளையில் முடியும். பறவை எழும்பிப் பறக்கும்போது வால் விசிறிபோல் விரிந்து வெள்ளை தெரிவது இதனால்தான்.

சின்னத் தவிட்டுப்புறா

இது மணிப்புறாவைவிடச் சற்றுச் சிறியது, ஏறக்குறைய 27 செ.மீ. வறண்ட நிலம், முள்வேலி, கருவேலம் புதர், ஊர் ஓரம் ஆகிய இடங்களில் மிகுதி. சிறு சிரிப்புப்போல விட்டுவிட்டுக் கூவும். கரிசல், செம்மண் மானாவாரிகளில் சில ஊர்களில் மணிப்புறாவைவிட இதுவே அதிகம் தென்படும்.

இதன் முதுகு இறகில் புள்ளியே இராது. மண்பழுப்பில் இளஞ்சிவப்புச் சாயல் ஓடும். இறக்கையின் ஓரத்துச் சிறு இறகு நீலச்சாம்பல் நிறம். பழுப்பு இறகுகளோடு இந்த நீலச்சாம்பல் இறகும் சேர்ந்து கிடந்தால் சின்னத் தவிட்டுப்புறா என்று கொள்ளலாம். கழுத்தின் முன்புறத்திலும் பக்கவாட்டிலும் உள்ள இறகு அடியில் கறுப்பு. பிளந்த நுனி செம்பு நிறம். மணிப்புறாவுக்கு அங்கே வெள்ளை, இதற்குச் செம்பு என்று நினைவில் வைத்தால் போதும். ஓரத்து வால் இறகு மட்டும் கிடைத்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். இரண்டிலும் நுனி வெள்ளைதான்.

கள்ளிப்புறா

சாம்பல் தவிட்டுப்புறா என்றும் இதற்குப் பெயர். சுமார் 32 செ.மீ. நீளம். வெளிறிய மணல் நிறம். பிடரியில் மெல்லிய கறுப்பு அரைவளையம் மட்டும் உண்டு, புள்ளி கிடையாது. திறந்த வறண்ட காடுகளில் வேலியிலும் தந்திக்கம்பியிலும் உட்கார்ந்திருக்கும். இதன் கழுத்துக் கறுப்பிறகு பிளவுபடாதது. ஓரத்து வால் இறகைத் திருப்பிப் பிடித்து அடிப்புறம் பார்த்தால் பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்று தெளிவாகப் பிரிந்திருக்கும். இவ்வினத்தைச் சேர்ந்த இன்னொன்றான செந்தவிட்டுப்புறா இதைவிட மிகச் சிறியது, 23 செ.மீ. அளவே. ஆண் பறவையின் உடல் இறகு செங்கல் நிறம்.

மாடப்புறா

கிணற்றுப் பொந்திலும் கோயில் கோபுரத்திலும் தானியக் கிடங்கிலும் வாழும் மாடப்புறாவை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இதன் இறகு பழுப்பல்ல, கருநீலச் சாம்பல். வால் இறகின் நுனியில் வெள்ளை இராது, மாறாகக் கருமையான பட்டை இருக்கும். இறக்கை இறகுகள் சிலவற்றில் கரும்பட்டை தெரியும். கூட்டமாக இறங்கும் பறவை இது. நூறு மாடப்புறா ஒரே நேரத்தில் விதைத்த நிலத்தில் இறங்கினால் இழப்பு உண்மையிலேயே பெரிது. மணிப்புறாவோ பெரும்பாலும் ஜோடியாகவோ நாலைந்தாகவோதான் வரும். ஆகவே எந்தப் புறா என்று தெரிவது வெறும் அறிவுக்காக மட்டும் அல்ல. எத்தனை நாள், எவ்வளவு காவல் வேண்டும் என்பதற்கும் அதுவே கணக்கு.

இறகு விழுந்தது எப்படி?

ஒன்றிரண்டு இறகு மட்டும் தனியே கிடந்தால், காம்பின் நுனியைப் பார்க்க வேண்டும். நுனி முழுமையாகவும் வெளிறியும் உலர்ந்தும் இருந்தால் அது தானாக உதிர்ந்த பழைய இறகு. புறா தன் இறக்கை, வால் இறகுகளைச் சிறிது சிறிதாக உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த இடத்தில் எதுவும் சாகவில்லை. காம்பு கருத்து உள்ளே இரத்தம் தெரிந்தால் வளரும் இறகு பிடுங்கப்பட்டிருக்கிறது.

மரத்தடியிலோ வரப்பு மேட்டிலோ இறகுகள் வட்டமாகச் சிதறிக் கிடந்து, காம்புகள் உடையாமல் இருந்தால் வல்லூறு போன்ற பறவை பிடித்து உரித்திருக்கிறது. சில தண்டுகளில் அலகு அழுத்திய வடு தெரியும். இறகுகள் கடிபட்டுப் பாதியில் முறிந்து, எச்சிலில் ஒட்டிக் கற்றையாகக் கிடந்தால் பூனை, கீரி, நரி ஆகியவற்றின் வேலை.

இறகு சிதறாமல் பறவை முழுசாகச் செத்துக் கிடந்தால், அதிலும் ஒன்றுக்கு மேற்பட்டவை கிடந்தால், நஞ்சு என்று ஐயுற வேண்டும். நேர்த்தி செய்த விதைக்குச் சாயம் கலப்பது மனிதர் கண்டு விலகத்தான். பறவைக்கு அந்த எச்சரிக்கை புரியாது. குருணை மருந்தும் அப்படியே. புறாவுக்குப் பல் இல்லை. தின்ற விதையை அரைக்கச் சிறு மணற்கல்லைப் பொறுக்கி விழுங்கும். மண்மேல் கிடக்கும் குருணையை மணல் என்று எண்ணி விழுங்கிவிடும். போரேட் குருணைக்கு 2020ஆம் ஆண்டு இறுதியோடு நாட்டில் தடை வந்துவிட்டது. பழைய மீதி எங்காவது மூலையில் இருந்தால் அதை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. மற்ற மருந்துகளையும் சொல்லியுள்ள பயிருக்குச் சொல்லியுள்ள அளவில் இட்டு மண்ணால் மூட வேண்டும். நேர்த்தி செய்த விதை மிஞ்சினால் களத்தில் கொட்டிவைக்கக் கூடாது.

விதையை எடுத்தது யார்?

இறகு அங்கே வந்தது எந்தப் பறவை என்று மட்டுமே சொல்லும். விதையை எடுத்தது யார் என்பதற்கு மண்ணைப் பார்க்க வேண்டும்.

புறா காலால் மண்ணைக் கிளறாது. கோழியைப்போல் சீய்க்கும் பழக்கம் அதற்கு இல்லை. மேலே தெரியும் விதையைப் பொறுக்கும், அலகால் மேல்மண்ணைச் சிறிது தள்ளிப் பார்க்கும், அவ்வளவுதான். சால் கிளறப்பட்டு மண் பின்னால் எறியப்பட்டிருந்தால் கௌதாரி, மயில், அல்லது ஊர்க்கோழி. உமியும் கடித்த துண்டும் பக்கத்தில் கிடந்தால் எலி அல்லது அணில். புறா தானியத்தை முழுசாக விழுங்குவதால் உமி விடாது. கால் தடமும் உதவும். சிட்டுக்குருவி இரு காலும் சேர்த்துத் தத்தும். புறா காலை மாற்றி மாற்றி வைத்து நடக்கும். ஈர மண்ணில் அதன் தடம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும்.

கதிர் முற்றும் காலத்தில் சோளக் காட்டில் புறா இறகு கிடப்பதை வைத்தும் பழி சொல்கிறார்கள். கதிரைக் கொத்திப் பாதி தின்று பாதி சிந்துவது பெரும்பாலும் கிளி. கம்பில் சிட்டும் தூக்கணாங்குருவியும் சேரும். சிந்திய மணியைப் பொறுக்கத்தான் புறா பின்னால் வருகிறது. பயிர் சாய்ந்து கதிர் தரையைத் தொட்டால் அதையும் தின்னும், உண்மையே. அறுவடைக்குப் பின் தாளில் சிந்தியதையும், ஆண்டு முழுவதும் புல், களை விதைகளையும் அது தின்று வாழ்கிறது. புறா உழவனுக்குத் தீங்கே செய்யாது என்று சொல்வது மிகையாகும். ஆனால் அது தீங்கு செய்யும் காலம் விதைப்புக்குப் பின் சில நாட்கள் மட்டுமே.

அந்தச் சில நாட்களுக்கு

தூவி விதைத்த நிலத்தில்தான் புறாவால் இழப்பு அதிகம். ஏர்ச்சாலில் விதையிட்டு மூடினால் புறாவுக்கு எட்டாது. மழைக்கு முன் விதைக்கும் மானாவாரிச் சோளத்தை 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கச் சொல்வது, சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாமல் இருக்க. பறவையிடமிருந்து காப்பதற்கும் அதே ஆழம் உதவுகிறது. விதைத்தபின் பலகை ஓட்டிச் சமப்படுத்த வேண்டும். மாடு திரும்பும் வரப்போரத்தில் விதை சிந்தி மேலே கிடக்கும். புறாவை முதலில் வயலுக்கு அழைப்பது இதுதான். மாலையில் ஒருவர் சுற்றிவந்து சிந்திய விதையைக் கூட்டி மூடிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காவல் காப்பவர் நாள் முழுவதும் நிற்க வேண்டியதில்லை. புறா காலை வெயில் ஏறும்வரையும், மாலையில் அடையப் போகும் முன்னும்தான் மும்முரமாக இரை தேடும். உச்சி வேளையில் நிழலில் ஒதுங்கும். புழுதி விதைப்பில் மழை பெய்த நாளிலிருந்து முளை வெளிவந்து இலை விரியும்வரை கவனம் வேண்டும். பயறு, சூரியகாந்தியில் மேலே வரும் பருத்த விதையிலையையும் புறா கிள்ளக்கூடும். பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிர்ந்து மிரட்டும். ஆனால் ஒரே இடத்தில் விட்டால் சில நாட்களில் பறவை பழகிவிடும். நாடாவையும் வெருளியையும் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். வேலியில் கூடு இருந்தால் கலைக்க வேண்டியதில்லை. சுள்ளி நாலு வைத்த கூட்டில் இரண்டு முட்டைதான் இருக்கும். ஆணும் பெண்ணும் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற உணவைக் குஞ்சுக்கு ஊட்டும். ஒன்று நஞ்சு தின்று செத்தால் கூட்டில் உள்ளவையும் பிழைப்பது அரிது.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நஞ்சிட்டுக் கொல்வதையும் வேட்டை என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. அதற்குச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பு உண்டு. மயிலால் சேதம் மிகுந்தால் வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

இறகைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கோழி வளர்ப்போர் இதை விட்டுவிடக் கூடாது. கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் புறாவுக்கும் வரக்கூடியது. பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமலும், நாய்க்குப் போடாமலும், சமைக்காமலும், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அன்றே தகவல் சொல்ல வேண்டும். நீர் குடிக்கும் தொட்டியோ வாய்க்காலோ அருகில் இருந்தால் ஆடு மாடுகளை அந்தப் பக்கம் விடாமல் மருத்துவர் வந்து பார்க்கும்வரை வேறு இடத்தில் தண்ணீர் காட்டலாம்.